பூஜையில் வைத்த கம்ப்யூட்டர்

எம்மா, அந்தக் காதுல மாட்டியிருக்கத கொஞ்சம் எடுக்கியா? ஒண்ணுமில்ல, சன்னலத் தள்ளி விடச் சொல்லத்தான். நானும் எவ்வளவு நேரமா சொல்லிக்கிட்டிருக்கேன், நீ பாட்டுக்கு வெளிய பாத்துட்டு இருக்க. ஆங், போதும் போதும். காத்து வரட்டும். தூத்துக்குடிதானே போற? நானும் அங்கதான். எடுத்தது எடுத்துட்ட, அப்படியே மடியில வச்சுக்கோ. பாட்டு எங்கயும் ஓடிப் போயிராது.

பாட்டு இல்லையா? பாடமா? யாரோ வாசிச்சு வச்சிருக்கதக் கேக்கியா? சரியாப் போச்சு. காலேஜ்லதான் இதுன்னா பஸ்ஸுலயும் இதுதானா!

கோவிச்சுக்காதம்மா. நான் ஒரு பொம்பளப் பிள்ளைக காலேஜ்ல லைப்ரரியன். பேரு சண்முகவடிவு. பிள்ளைகளுக்கு வடிவு மேடம். என் லைப்ரரிக்குள்ள யாரும் பேசக் கூடாது, அது என் சட்டம். எவளாவது குசுகுசுன்னா போதும், நேரா அவ பக்கத்துல போய் உக்காந்துருவேன். ஏன் பேசக் கூடாது, பேசினா அடுத்தவளுக்கு எப்படி இடைஞ்சல், நாங்க படிச்ச காலத்துல எப்படி இருந்தோம், எல்லாத்தையும் விலாவாரியாச் சொல்லுவேன். ஒருத்தி கேட்டா, "மேடம், நாங்க பேசினது ஒரு நிமிசம், நீங்க பேசினது அரை மணி நேரம்"னு. வாய்த்துடுக்கு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யாரு என்ன சொல்ல.

எதுக்குத் தூத்துக்குடி போறேன்னு பெறகு சொல்லுதேன். முதல்ல என் வயித்தெரிச்சலக் கேளு.

போன வருஷம் ஜூன்ல காலேஜ் தொறந்து போறேன், லைப்ரரியக் காணோம். நிசமாத்தான் சொல்லுதேன். கதவு இருக்கு, லைப்ரரி இல்ல. லீவோட லீவா ஆளு வச்சு மாத்திட்டாவ. என் அலமாரி பூராத்தையும் பின்னால இருக்க பழைய ஹாலுக்குத் தள்ளிட்டு, முன்னால கண்ணாடிக் கதவு, ஏசி, வரிசையாக் கம்ப்யூட்டர். தரையில கலர் கலரா மூட்டை. நெல்லு மூட்டைக்கு எதுக்கு இவ்வளவு நல்ல உறைன்னு நெனச்சேன். உக்காறதுக்காம்! பழசுல மிஞ்சினது என் மேசை ஒண்ணுதான். அதுக்கு ஒரு காலு கட்டை, அட்டைய மடிச்சு முட்டுக் குடுத்து வச்சிருக்கேன். அதையும் தூக்கத்தான் பாத்தாவ. மேசைய எடுத்தா நானும் கூடவே போயிருவேன்னேன். பிரின்ஸ்பால் மேடம் ஒரு நொடி யோசிச்ச மாதிரி இருந்திச்சு. பெறகு மேசை இருக்கட்டும்னுட்டாவ.

தெறப்பு விழா அன்னைக்கி செக்ரட்டரி ஐயா பேசினாரு. ஒரு விரல் நுனியில லட்சம் புத்தகம்னாரு. சரி, இருக்கட்டும். பேசி முடிச்சிட்டு, "அந்த மூட்டையில முதல்ல வடிவம்மாதான் உக்காரணும், அவங்கதான் சீனியர்"னுட்டாரு. உக்காந்தேன். உள்ள போயிட்டேன். எந்திரிக்க முடியலம்மா! பிரின்ஸ்பால் ஒரு கையி, கம்ப்யூட்டர்காரன் லிவிங்ஸ்டன் ஒரு கையி பிடிச்சுத் தூக்குதாவ. போட்டோக்காரன் பாவி அதத்தான் எடுத்தான். காலேஜ் ஆண்டு மலர்ல வந்திருக்கு. கீழ என்ன போட்டிருக்குன்னா, 'டிஜிட்டல் யுகத்தை வரவேற்கும் நம் நூலகர்'.

சிரி, சிரி. எனக்கும் இப்போ சிரிப்புத்தான் வருது.

லிவிங்ஸ்டன்னு சொன்னேம்லா, அவன் நல்ல பையன்தான். பொய் சொல்லக் கூடாது. காலையில எனக்கு வணக்கம் சொல்லிட்டுத்தான் கம்ப்யூட்டர் முன்னால உக்காருவான். பின்னால ஹால்ல கிடந்த சரித்திரப் புத்தகம், மறுபடி அச்சுப் போடாதது, கடையில கிடைக்காதது, அதையெல்லாம் பக்கம் பக்கமாப் படம் பிடிச்சு உள்ள ஏத்தினான். எல்லாம் ஒரு பெரிய பெட்டிக்குள்ள இருக்குன்னான். லைப்ரரிக்கு ஓரமா ஒரு சின்ன ரூமு, அதுக்குள்ள அந்தப் பெட்டி, எப்பப் பாத்தாலும் ஊம்னு ஒரு சத்தம். எனக்கும் ஒரு பாஸ்வேர்டு எழுதிக் குடுத்தான். அத நான் எங்க வச்சேன்னு இன்னைக்கி வரைக்கும் தெரியாது. தேடவுமில்ல. எனக்கு எதுக்கு? எந்தப் புத்தகம் எந்த அலமாரின்னு என் காலுக்குத் தெரியும்.

எனக்கு அதெல்லாம் ஒரு வருத்தமும் இல்லம்மா. ஏசி போடட்டும், மூட்டை போடட்டும். என் வருத்தம் ராக்கினி.

ஜெயராக்கினி. எம்.ஏ. சரித்திரம். மணப்பாட்டுப் பக்கம், கடற்கரைப் பிள்ளை. பிறந்ததுலேர்ந்தே கண்ணு தெரியாது. ஐயோ பாவம்னு மூஞ்சிய வச்சிக்கிடாத, அவ வாயில விழுந்தா நீ எந்திரிக்க மாட்ட. அந்த மூட்டையே தேவலாம். மத்தியானம் சாப்பிட்டதும் கம்பத் தட்டிக்கிட்டு நேரா என் மேசைக்கு வருவா. நான் வாசிப்பேன், அவ கேப்பா. ரெண்டு வருஷம். யாரும் சொல்லிச் செய்யல. கொஞ்சம் நேந்திரங்காய் வத்தல நடுவுல வச்சுக்கிடுவோம். வாசிக்கதுன்னா சும்மா தந்தி அடிக்க மாதிரி வாசிக்க மாட்டேன். ராஜா பேசினா ராஜா மாதிரி, மந்திரி பேசினா மந்திரி மாதிரி. "மேடம், நீங்க வாசிச்சா எல்லா ராணியும் உங்க மாமியார் மாதிரியே பேசுதாவ"ம்பா. நடுநடுவுல என் மனசுல பட்டதையும் சொல்லுவேன். பொண்ணக் குடுத்த மாமனாரு தூண்டி விடாம ஒரு போராவது நடந்திருக்கான்னு கேப்பேன். அது ஞாயம்தானே?

அதுலதான் ஒரு கூத்து. செமஸ்டர் பரீட்சையில போருக்கான காரணங்கள் யாவைன்னு ஒரு கேள்வி. இவ சொல்லச் சொல்ல எழுதுதவ எழுதியிருக்கா. வரி, வாரிசு, மாமனார். அவுக புரொபசர் பேப்பரத் தூக்கிட்டு வந்துட்டாரு. "வரி சரி, வாரிசு சரி. மாமனார் எங்கருந்து வந்தாரு?"ங்காரு. ராக்கினி கூசாமச் சொன்னா, "லைப்ரரியிலேர்ந்து சார்." அவரு என்னையப் பாக்காரு. நான் அலமாரியப் பாக்கேன்.

இப்படி இருந்த பிள்ளையம்மா. எம்.ஏ. முடிச்சா, மேக்கொண்டு ஆராய்ச்சிக்குச் சேர்ந்தா. அவ அண்ணன் ஒருத்தன், "படிச்சது போதும், கண்ணு தெரியாதவளுக்கு எவன் வேலை குடுப்பான், வீட்டுக்கு வா"ன்னு பிடிச்ச பிடியில நின்னான். இவ அவன்கிட்ட ஒரு தவணை கேட்டா. டிசம்பர்ல லெக்சரர் வேலைக்கு ஒரு தகுதிப் பரீட்சை. அதுல பாஸ் ஆனா தூத்துக்குடியில ஒரு காலேஜ்ல எடுத்துக்கிடுதோம்னு சொல்லியிருந்தாவ. பாஸ் ஆகலைன்னா மூட்டையக் கட்டிட்டு ஊருக்கு. அண்ணன் சொல்லுத இடத்துல உக்காரணும். அவளுக்கு அது வாழ்வா சாவான்னு இருந்துச்சு.

அப்போ பாத்து இந்த லிவிங்ஸ்டன் என்ன செஞ்சான், அவ போனுல எதையோ ஏத்திக் குடுத்துட்டான். பெட்டிக்குள்ள இருக்க புத்தகத்த அது தானா வாசிக்குமாம். ஹாஸ்டல்ல படுத்துக்கிட்டே கேக்கலாமாம். அன்னைக்கோட சரி. மத்தியானம் ஆச்சு, சாப்பாட்டு மணி அடிச்சுது, கம்பு சத்தத்தக் காணோம். நான் வத்தல எடுத்து வச்சிட்டு உக்காந்திருக்கேன். மறுநாளும் இல்ல. கண்ணாடிக் கதவு வழியாப் பாக்கேன், கம்ப்யூட்டர் பக்கம் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கா, உதட்டுல ஒரு சிரிப்பு வேற.

போய்க் கேட்டேன். "ஏட்டி, என்னதான் வாசிக்கு அது, எனக்கும் குடு பாப்போம்." குடுத்தா. நான் என்னத்தச் சொல்ல! போர்-முடிந்தது-மன்னன்-இறந்தான். மன்னன் செத்ததையும் மழை பேஞ்சதையும் ஒரே குரல்ல சொல்லுது. அதையும் இவ வேகத்தக் கூட்டி வச்சிருக்கா, கிறுகிறுன்னு போகுது. "இது உனக்குப் புரியுதா?"ன்னேன். "இது மூணு பங்கு வேகம் மேடம். நீங்க ஒரு வாரம் வாசிக்கத நான் ஒரு ராத்திரியில கேட்டுருதேன்"னா. சந்தோசமாச் சொல்லுதா. நானும் நல்லதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வத்தல நானே தின்னேன். நெஞ்சக் கரிச்சுது.

எனக்குப் பொறாமைன்னு நெனச்சிராத. ஒரு மெஷினுகூட எனக்கென்ன பொறாமை? பிள்ளை வாய்விட்டுச் சிரிக்காம, மாமனாரு கீமனாரு இல்லாம, சப்புன்னு படிக்காளேன்னு ஒரு இதுதான்.

டிக்கெட்டா? ரெண்டு பேரும் எடுத்தாச்சு தம்பி. மறந்துட்டு மறந்துட்டு வந்து கேக்காரு பாரு.

எங்க விட்டேன்? ஆங், சரசுவதி பூசை. எங்க லைப்ரரியில வருஷா வருஷம் நான்தான் பூசை வைப்பேன். புத்தகத்த அடுக்கி, பட்டுத் துணி போத்தி, சந்தனம் குங்குமம் வச்சு, சுண்டல் அவிச்சு. பூசையில வச்ச புத்தகத்த விஜயதசமி அன்னைக்கி எடுக்குத வரைக்கும் தொடக் கூடாது, வாசிக்கவும் கூடாது. அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. போன வருஷம் நான் செக்ரட்டரி ஐயாகிட்ட ஒரு சந்தேகம் கேட்டேன். சந்தேகம்தான், வேற ஒண்ணுமில்ல. "ஐயா, லட்சம் புத்தகம் அந்தப் பெட்டிக்குள்ள இருக்குன்னிய. அப்போ பூசைக்கு எத வைக்கணும்? பின்னால ஹால்ல கிடக்கதையா, இதையா?" ஐயாவுக்குப் பக்தி ஜாஸ்தி. கண்ண மூடி யோசிச்சாரு. "அம்மா, அதுவும் சரசுவதிதான். வைங்க"ன்னுட்டாரு.

வச்சேன். ஒவ்வொரு கம்ப்யூட்டர் நெத்தியிலயும் சந்தனம், குங்குமம். பெரிய பெட்டிக்குக் கேந்திப்பூ மாலை. பாக்க லட்சணமா இருந்துச்சு, குத்தம் சொல்ல முடியாது. ஆனா பூசையில வச்ச பெறகு அது ஊம்னு சத்தம் போட்டுக்கிட்டே இருந்தா? புத்தகம் தொறந்து கிடக்க மாதிரிதானே? ஒயரப் பிடுங்கிட்டேன். லிவிங்ஸ்டன் அலறிட்டான். "மேடம், அத அப்படிப் பிடுங்கக் கூடாது!" "ஏய்யா, பூசையில வச்சதத் தொடவும் கூடாது, தெரியும்லா"ன்னேன். அவன் செக்ரட்டரி ஐயாவப் பாத்தான். ஐயா கற்பூரத்தக் கண்ணுல ஒத்திக்கிட்டு இருந்தாரு. அவனுக்கும் அவசரம். மறு வாரம் நாசரேத்துல அவனுக்குக் கல்யாணம். "தசமி அன்னைக்கி மறக்காம மாட்டிருங்க மேடம்"னு சொல்லிட்டுப் போனான். கல்யாண லீவு, அது முடிஞ்சு மெட்ராஸ்ல டிரெய்னிங்கு, ஒரு மாசத்துக்கு மேல ஆளு இல்ல.

நான் மறந்துட்டேன்.

தசமி அன்னைக்கி வீட்டுல விருந்தாளு. மறுநாள் காலேஜ் தொறந்தா, சுண்டல் பாத்திரம் கழுவணும், பட்டுத் துணிய மடிக்கணும், ஆயிரம் சோலி. ஒயரு ஞாவகத்துக்கு வரல. மனுஷி மறக்க மாட்டாளா? மடியில கனமில்ல, எனக்கு வழியில என்ன பயம். அதான் கேக்கதுக்கு முன்னாலயே சொல்லுதேன்.

நீ கேக்கலையா? கேக்காட்டாலும் சொல்லுதேன்.

இதுல வேடிக்கை என்னன்னா, ஒருத்தரும் கண்டுபிடிக்கல. ஒரு ஈ காக்கா கண்டுபிடிக்கல! பிள்ளைக மூட்டையில சாஞ்சுக்கிட்டு அவுகவுக போனப் பாக்குதுக. புரொபசர் எல்லாம் ஏசிக்கு வந்து பேப்பர் வாசிக்காவ. செக்ரட்டரி ஐயா வெளியூர் ஆளுகளக் கூட்டிட்டு வந்து, "இதுதான் எங்க டிஜிட்டல் லைப்ரரி, ராவும் பகலும் ஓடுது"ங்காரு. கம்ப்யூட்டர் நெத்தியில குங்குமம் காஞ்சு உதிருது. வந்தவரு ஒருத்தரு, "சத்தமே இல்லாம ஓடுதே, அருமை"ன்னாரு.

ஒரே ஒரு ஆளு வந்தா. காலேஜ் தொறந்த அன்னைக்கே, மத்தியானம். டக்கு டக்குன்னு கம்பு சத்தம். நேரா என் மேசைக்கு வந்து நின்னா. "மேடம், வாசிக்கியளா?" அவ்வளவுதான் கேட்டா. ஏன்னு நானும் கேக்கல. என்னத்துக்குக் கேக்கணும்? பிள்ளைக்கு மெஷினு சலிச்சுப் போச்சு, மனுஷக் குரல் வேணும்னு வந்திருக்கா, அப்படித்தானே எவளும் நெனப்பா? வத்தலுக்குக்கூட அன்னைக்கி ஆளு அனுப்ப வேண்டியதாப் போச்சு.

வாசிச்சேன் பாரு! மத்தியானம் மட்டும் பத்தல. காலையில சீக்கிரமே வரச் சொன்னேன். சாயங்காலம் ஹாஸ்டல் மணி அடிக்க வரைக்கும் உக்காத்தி வச்சேன். பரீட்சை நெருங்குது, புத்தகம் மலை மாதிரி கிடக்கு. நான் வாசிக்க வாசிக்க அது குறையவே மாட்டேங்கு. அவளும் முன்ன மாதிரி சிரிப்பா, ராணி வந்தா "உங்க மாமியார் வந்துட்டாவ"ம்பா. ஆனா நடுவுல திடீர்னு விரலால புத்தகத்தோட ஓரத்தத் தடவிப் பாப்பா, இன்னும் எவ்வளவு இருக்குன்னு. "கவலப்படாதட்டி, நான் இருக்கேம்லா"ம்பேன். "அதான் மேடம்"பா. அந்த 'அதான்' எனக்கு அப்போ விளங்கல.

வல்லநாடு வந்துட்டு பாரு. மலை தெரியுதா? மானு நிக்கும்னு சொல்லுவாவ. நான் ஒரு நாளும் கண்டதில்ல.

அப்போதான் என் தொண்டை போச்சு. ஒரு நாள் காலையில எந்திரிச்சு வீட்டுக்காரரக் கூப்பிடுதேன், வெறும் காத்து வருது. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. தொண்டைய ரொம்பப் போட்டு வதைச்சிருக்கிய, ஒரு வாரம் வாயே தொறக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. என் வீட்டுக்காரரு அவருக்கு ரெண்டு தடவ நன்றி சொன்னாரு. ஒரு தடவ சொன்னா போதாதா? வெளிய வந்து மூணாவது தடவ கும்பிடப் போனாரு, நான் சட்டையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்.

லீவு போடச் சொன்னாரு. எப்படிப் போட? அந்தப் பிள்ளை வந்து நிக்குமே. பரீட்சைக்கு ரெண்டு வாரமோ என்னமோதான் இருக்கு.

போனேன். மத்தியானம் கம்பு சத்தம் வந்துச்சு. மேசைக்கு முன்னால வந்து நின்னா. "மேடம்?"னா. நான் வாயத் தொறக்கேன், காத்து. "மேடம், இருக்கியளா?"ங்கா. நான் இருக்கேன் இருக்கேன்னு தலைய ஆட்டுதேன். கோட்டிக்காரி, யாருகிட்டப் போய்த் தலைய ஆட்டுதேன் பாரு! கைய வீசுதேன். இங்கதான் இருக்கேன், எதுத்தாப்புல இருக்கேன், அவளுக்கு நான் இல்ல. எனக்கு அந்த நேரம் எப்படி இருந்துச்சு தெரியுமா? இவ்வளவு வருஷமாப் பேசுதேன், பேசுதேன், பேச்சு இல்லைன்னா நான் அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுமே இல்ல. அவ முகம் வாடிப் போச்சு. "வரலை போலிருக்கு"ன்னு தனக்குத் தானே சொல்லிட்டுத் திரும்பினா. நான் மேசையில ஓங்கித் தட்டினேன்.

நின்னா. "மேடமா?" இன்னொரு தட்டு தட்டினேன். வந்து என் கையத் தடவி, வளையலப் பிடிச்சுப் பாத்தா. "தொண்டை போச்சா?" தட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சா, கழுதை. "அப்போ இன்னைக்கி நான் பேசுதேன், நீங்க கேளுங்க. ஆமான்னா ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு தட்டு. சரியா?" நான் ஒரு தட்டு தட்டினேன்.

நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தா. "மேடம், அந்தச் சின்ன ரூமுல ஒரு சத்தம் வரும்லா, ஊம்னு. பூசை முடிஞ்சு வந்த அன்னைக்கி வாசல்ல நிக்கும்போதே கவனிச்சுட்டேன், அந்தச் சத்தம் இல்ல. உள்ள போய்த் தொட்டுப் பாத்தேன். மாலை அப்படியே கிடந்துச்சு. ஒயரு கீழ கிடந்துச்சு."

நான் தட்டவே இல்ல.

"நீங்க மாட்ட மறந்துட்டியளா மேடம்?"னு கேட்டா.

நான் ஒண்ணுதாம்மா தட்டினேன். ஒண்ணே ஒண்ணு. ஆனா அந்த மேசை இருக்கே, கட்டைக் காலு மேசை, முட்டுக் குடுத்த அட்டை எங்கயோ நழுவிப் போச்சு போல. நான் தட்டவும் ஒரு ஆட்டம் ஆடி அந்தக் காலு தரையில 'டொக்'குன்னு இடிச்சுது. அவ காதுக்கு ரெண்டாக் கேட்டுட்டு. இன்னைக்கி வரைக்கும் சொல்லுதேன், நான் ஒண்ணுதான் தட்டினேன். நீ நம்புதியா? சிரிக்காத.

அவ நாற்காலிய இன்னும் கிட்ட இழுத்தா. பெறகு சொன்னா, "தெரியும் மேடம். பிரின்ஸ்பால்கிட்டச் சொல்லியிருந்தா அன்னைக்கே மாட்டியிருப்பாவ. உங்களத் திட்டியிருப்பாவ. அதுக்காகன்னு மட்டும் இல்ல. எனக்கும் உங்களத் தேடிச்சு. மெஷினு நல்லாத்தான் வாசிக்கு. ஆனா அது என்கிட்ட வத்தல் தின்னியான்னு கேக்காது. இன்னும் ரெண்டு நாள், இன்னும் ரெண்டு நாள்னு நானும் சொல்லாமலே இருந்துட்டேன். இனி நாள் இல்ல மேடம். நீங்க தொண்டை கிழிய வாசிச்சாலும் முடியாது. எங்க அண்ணன் வீட்டுல எனக்கு ரூமு ஒழிச்சு வச்சிட்டான்."

அழுதேன். ஆமா, அழுதேன். சத்தம் இல்லாம அழுதேன், தொண்டைதான் இல்லையே. அவளுக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ, கர்ச்சீப்ப எடுத்து நீட்டுதா. நான் எந்திரிச்சு அவ கையப் பிடிச்சேன். ரெண்டு பேருமா அந்த ரூமுக்குப் போனோம். கேந்திப்பூ சருகா உதிருது. ஒயர எடுத்தேன், மாட்ட ஓட்டை தெரியல, கண்ணு பூரா தண்ணி. "குடுங்க மேடம், இது கண்ணு வேண்டாத வேலை"ன்னு வாங்கி, விரலால தடவி ஒரே சொருகு. ஊம்னு சத்தம் வந்துச்சு. அப்படியே நின்னு கேட்டுட்டே இருந்தா. ஏதோ நாதஸ்வரம் கேக்க மாதிரி.

அதுக்குப் பெறகு அவ ராவும் பகலும் அந்த மெஷினோடதான். நான் ஒரு வார்த்தை சொல்லல. சொல்லவும் முடியாது. ஆனா மத்தியானம் மட்டும் கொஞ்ச நேரம் என் மேசைக்கு வருவா. தொண்டை திரும்பினதும், "மேடம், இன்னைக்கி ரெண்டு போர் முடிச்சிட்டேன். மெஷினு வாசிச்சதுல மாமனாரு வரல. நீங்க சொல்லுங்க, எங்க ஒளிஞ்சிருக்காரு?"ம்பா. நான் சொல்லுவேன். வத்தல் தின்போம். பரீட்சையில மட்டும் தயவுசெய்து அத எழுதிராதட்டின்னு சொல்லி அனுப்பினேன்.

லிவிங்ஸ்டன் வந்தான், கல்யாண மாப்பிள்ளை. பெட்டியத் தொட்டுப் பாத்தான், ஏதோ அமுக்கிப் பாத்தான், என்னையப் பாத்தான். "மேடம், நடுவுல கொஞ்ச நாள் ஓடலையோ?"ன்னான். "ஏய்யா, செக்ரட்டரி ஐயா ராவும் பகலும் ஓடுதுன்னு ஊரக் கூட்டிச் சொல்லியிருக்காரு, நீ அவரு பொய் சொல்லுதாருங்கியா?"ன்னேன். இப்பமும் அந்த மெஷின நான் தொடுதது கிடையாது. அது அவன் பாடு. காலையில போனதும் அந்த ரூமுல சத்தம் வருதான்னு மட்டும் காதக் குடுத்துப் பாத்துட்டுத்தான் என் நாற்காலியில உக்காருவேன். சும்மாதான். இந்த வருஷம் பூசைக்குச் சந்தனம் வைப்பேன், மாலை போடுவேன், ஒயரப் பிடுங்க மாட்டேன். அதுபாட்டுக்கு முனகிட்டுக் கிடக்கட்டும், சரசுவதி ஒண்ணும் கோவிக்க மாட்டா.

வாகைக்குளம் தாண்டிட்டா? அப்போ வந்துட்டு.

என்னாச்சுன்னா கேக்க? பாஸ் ஆயிட்டா! பின்ன? அவ அண்ணனே போன் பண்ணினான் எனக்கு, மேடம் மேடம்னு. நாலு மாசமா ரூமு ஒழிச்சு வச்சிருந்தவன்! தூத்துக்குடிக் காலேஜ்ல சேர்ந்துட்டா. இன்னைக்கிதான் முதல் கிளாஸ். அதுக்குத்தான் போறேன். இந்தக் கூடைக்குள்ள என்னன்னு நெனச்ச? வத்தல்தான்.

ராத்திரி போன்ல கூப்பிட்டா. "மேடம், நீங்க வந்து கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கணும். ஆனா ஒரு கண்டிசன். ஒரு மணி நேரமும் வாயத் தொறக்கக் கூடாது"ன்னா. பாத்தியா கொழுப்ப! ஒரு மணி நேரம்மா! டாக்டர் சொன்னப்போகூட என் வீட்டுக்காரருகிட்ட எழுதி எழுதிச் சண்ட போட்டேன். இங்க அதுவும் முடியாது. அதான் இப்பவே கொஞ்சம் பேசித் தீத்துக்கிடலாம்னு பாத்தேன். நல்ல வேளை, நீ கிடைச்ச.

"பேசாம இருந்தா நான் வந்திருக்கேன்னு உனக்கு எப்படிட்டி தெரியும்?"னு கேட்டேன்.

"உள்ள வந்ததும் பெஞ்சுல தட்டுங்க மேடம், போதும். தெரிஞ்சிக்கிடுவேன்"னா. சொல்லிட்டு ஒரு சிரிப்பு. "ஆனா இந்தத் தடவையாவது ஒண்ணே ஒண்ணு தட்டுங்க. ரெண்டு தட்டினியன்னா வரலைன்னு நெனச்சுக்கிடுவேன்"ங்கா.

நான் அன்னைக்கும் ஒண்ணுதாம்மா தட்டினேன்! ஸ்டாப்பு வந்துட்டு, அந்தக் கூடையக் கொஞ்சம் எடுத்துக் குடு. இந்தா, நீயும் ஒரு கை அள்ளிக்கோ. பெஞ்சு மட்டும் ஆடாத பெஞ்சாக் கிடைக்கணும், தாயே சரசுவதி.